இடப்பக்க இருக்கைகள் கொல்பாவுக்கு

பிப்ரவரி 6, செவ்வாய்

காலையில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்குப் பல்வலி. இன்னொருவருக்கு மேய்க்கிற லாமா உதைத்து வீங்கிய முழங்கால். மூன்றாமவர் ஊர்த்தலைவர் கசிமிரோ. அவர் உடம்பில் ஒரு குறையும் இல்லை, கையில் மட்டும் ஒரு கடிதம்.

"சாத்துர்னினா, உட்கார்ந்து படி. நின்னுக்கிட்டுப் படிக்கிற கடிதம் இல்ல இது."

இரண்டு ஊருக்கு இனி ஒரே மருத்துவ நிலையமாம். எங்கள் கொல்பாவா, உப்புவெளிக்கு அந்தப் பக்கம் பதினாலு கிலோமீட்டரில் இருக்கும் சியாராவா என்பதை மார்ச் 23-ஆம் தேதி நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிவு செய்யும். எந்த ஊரில் ஆள் அதிகமோ, நிலையம் அங்கே. கட்டில், மருந்து அலமாரி, எடைக்கருவி, நான் எல்லாமே கடிதத்தோடு வந்த சாமான் பட்டியலில் இருக்கிறோம். என் பெயர் எடைக்கருவிக்குக் கீழே இருந்தது.

கொல்பாவில் எழுபத்து நான்கு பேர். எனக்கு யாரும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் ஊசி போட்டவள் நான். சியாராவில் எண்பது தேறும்.

பிப்ரவரி 8

ஊர்க்கூட்டம். கோக்கா இலை சுற்றி வந்தது. எல்லோரும் மென்றார்கள். கடைசியில் கசிமிரோ எழுந்தார்.

"நம்ம ஜனம் எழுபத்து நாலுன்னு யார் சொன்னது? எல் ஆல்த்தோ சந்தையில பழைய துணி விக்கிறது யாரு? நம்ம ஜனம். லா பாஸ்ல மினிபஸ் ஓட்டுறது? நம்ம ஜனம். சுரங்கத்துல, செங்கல் சூளையில, சாந்தா குரூஸ் சோயா வயல்ல — எல்லாம் யாரு? அவங்க போகல. கொஞ்சம் தூரமா நிக்கிறாங்க, அவ்வளவுதான்."

கைதட்டல். எங்கள் ஊரின் முக்கிய விளைச்சல் கீன்வா தானியம் என்று பள்ளிப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. தவறு. எங்கள் முக்கிய விளைச்சல் வெளியேறுவது.

வெளியே இருக்கும் ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்புவது என்று முடிவு. கணக்கெடுப்பு நாளில் ஊரில் இல்லாதவரின் நிலத்துண்டு பொதுவுக்குப் போகும். இப்படி ஒரு சட்டம் எங்கே இருக்கிறது என்று பல்வலிக்காரர் கேட்டார். "இப்பத்தான் இருக்கு" என்றார் கசிமிரோ.

பிப்ரவரி 19

தெயோதோரோ பதில் அனுப்பியிருக்கிறான். எனக்கு இல்லை, கசிமிரோவுக்கு. கசிமிரோ கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கே ஓடி வந்து, வரிசையில் இருந்தவர்கள் முன்னால் போட்டுக் காட்டினார். ஒன்பது வருடம் கழித்து அந்தக் குரல். கொஞ்சம் பருத்திருக்கிறது.

"வர்றேன் தலைவரே. நிலத்தத் தொட்டுராதீங்க. நாலு பேரா வர்றோம்."

"நாலு!" என்று கசிமிரோ என் தோளைத் தட்டினார். "உன் வீட்டுக்காரன் ஒருத்தனே நாலு கொண்டு வர்றான்!" வரிசையில் இருந்தவர்கள் வாழ்த்துச் சொன்னார்கள்.

நாலு பேர் யார் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. ஊருக்கு எண்ணிக்கைதான் முக்கியம்.

மார்ச் 2

சியாராக்காரர்களும் செய்தி அனுப்புகிறார்கள். அதுவும் எங்கள் ஆட்களுக்கே. பாட்டி வழி, பெண் கொடுத்த வழி என்று பார்த்தால் இந்த உப்புவெளியைச் சுற்றி இரண்டு ஊருக்கும் சொந்தமில்லாதவன் ஒருவனும் கிடையாது. வருகிறவர்களுக்கு லாமாக் கறி சுட்டுப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கசிமிரோ உடனே கறியோடு சூப்பும் என்று அறிவித்தார். சியாரா சைக்கிள் குலுக்கல் வைத்தது. நாங்கள் இரண்டு சைக்கிள்.

எங்களிடம் ஒரு சைக்கிள்கூட இல்லை.

மார்ச் 15

வீட்டுக்கு வெள்ளையடித்தேன். யாருக்காக? எலிக்காக.

மார்ச் 20

வந்துகொண்டே இருக்கிறார்கள். முப்பது வருடமாகப் பூட்டிக் கிடந்த வீடுகளில் புகை. கூரையில்லாத வீடுகளில் தார்ப்பாய் கட்டி, கதவில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு குடும்பம் தேவாலய மணிக்கூண்டில். இன்னொரு குடும்பம் கால்பந்து மைதானத்தின் கோல் கம்பத்தில் போர்வை கட்டி உட்கார்ந்திருக்கிறது. நிரந்தர முகவரியாம். என் நிலையத்தில் பதினோரு பேர். அதில் ஒருவர் பிரசவக் கட்டிலில் படுத்துக்கொண்டு இதுபோல வசதி எல் ஆல்த்தோவில் இல்லை என்கிறார்.

இந்த மலை உயரத்தில் மூச்சுத் திணறி ஏழு பேர் வந்தார்கள். எல்லோரும் இங்கே பிறந்தவர்கள்தான்.

மார்ச் 22, வெள்ளி

முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குச் செய்தி வந்தது. சாந்தா குரூஸிலிருந்து வந்த கடைசிப் பேருந்தைச் சியாராக்காரர்கள் சாலை பிரியும் இடத்தில் கல் போட்டு மறித்துவிட்டார்களாம். "வருக வருக சொந்த ஊருக்கு" என்று துணி கட்டியிருந்தார்கள். எந்த ஊர் என்று அதில் இல்லை. ஓட்டுநர் கும்பிட்டுவிட்டுச் சியாரா பக்கம் திருப்பியிருக்கிறார். நாங்கள் இரண்டு லாரியில் கிளம்பினோம். அடிதடி வந்தால் கட்டுப் போட வேண்டுமே என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

அடிதடி வரவில்லை. அதைவிட மோசம், பேச்சுவார்த்தை வந்தது. எங்கள் கசிமிரோவும் சியாராத் தலைவர் நிக்கானோரும் சாலை நடுவே இரண்டு உப்பு மூட்டை போட்டு உட்கார்ந்தார்கள். நாலு மணி நேரம். பேருந்துக்குள் நாற்பத்தாறு பேர் சன்னலில் முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியில் ஒப்பந்தம். இடப்பக்க இருக்கைகள் கொல்பாவுக்கு, வலப்பக்கம் சியாராவுக்கு. ஸ்டியரிங் இருப்பது இடப்பக்கம், ஆகவே ஓட்டுநரும் நமக்கு. அவர் வேறு ஊர்க்காரர், மனைவி காத்திருப்பாள் என்றார். "கணக்கு முடிஞ்சதும் போலாம்" என்று இரண்டு தலைவர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். தாளில் எழுதிக் கட்டைவிரல் உருட்டினார்கள்.

வலப்பக்கத்திலிருந்து தெயோதோரோ இறங்கினான். மடியில் அட்டைப்பெட்டி வைத்திருந்ததால் அவனை அங்கே உட்காரச் சொல்லியிருந்தார்களாம். என்னைப் பார்த்தான். சந்தையில் தெரிந்தவரைப் பார்த்தால் கையை உயர்த்துவோமே, அப்படி உயர்த்தினான். அப்புறம் சியாரா லாரியில் ஏறிவிட்டான்.

இடப்பக்கத்திலிருந்து ஒரு பெண், ஒரு சிறுமி, தூங்கும் ஒரு பையன்.

நான் கசிமிரோவின் கையைப் பிடித்தேன். "மாத்திக்கலாமே? அவரை இங்க, இவங்கள அங்க."

"உனக்குக் கணக்குத் தெரியாதா? ஒண்ணக் குடுத்து மூணு வாங்கியிருக்கோம். மூணு!"

அந்தப் பெண் என்னிடம் வந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது, காலில் ரப்பர் செருப்பு. இந்தக் குளிரில்! சாந்தா குரூஸ் வெப்பத்தில் வளர்ந்தவள்.

"நீங்கதான் சாத்துர்னினா அக்காவா? நான் சுலேமா. உங்க தம்பி அந்த வண்டியில மாட்டிக்கிட்டாரு."

தம்பி.

"ஆமா," என்றேன். "மாட்டிக்கிட்டான்."

வேற என்ன சொல்ல? அந்த நடுரோட்டுல, அத்தனை பேரு முன்னால? அந்தச் சின்னப் பொண்ணுக்கு வயசு எட்டாம். அவன் போய் ஒன்பது வருஷம். இதுக்கெல்லாம் கணக்கெடுப்பு அதிகாரி வேணுமா, எனக்கே கூட்டிக் கழிக்கத் தெரியாதா! என் வீட்டுலதான் தங்கப்போறாங்க. வெள்ளையடிச்ச வீட்டுல. சூப் வைக்கணும். வைக்கணுமா? ஏன் நான் வைக்கணும்?

வைத்தேன். பையனுக்கு இருமல் இருக்கிறது.

கசிமிரோ லாரியிலேயே ஊருக்கு உத்தரவு போட்டுவிட்டார். கணக்கு முடிகிறவரை யாரும் வாயைத் திறக்கக்கூடாது, உண்மை தெரிந்து கோபத்தில் சுலேமா கிளம்பிவிட்டால் மூன்று போய்விடும். முப்பது வருடமாக ஒரு ரகசியமும் தங்காத ஊர் இது. இன்று மதியத்திலிருந்து கல்லறை மாதிரி இருக்கிறது.

மார்ச் 23, சனி

காலை ஆறு மணிக்குக் கதவு சாத்தினோம். இன்று நாடு முழுக்க யாரும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. வண்டி ஓடக்கூடாது. குடிக்கக்கூடாது. நான், என் கணவனின் இன்னொரு குடும்பம், ஒரே அறை.

சுலேமாவுக்குத் தலை சுற்றல், வாந்தி. கோக்கா இலைத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். "எங்க ஊர்ல காத்து சும்மா கிடைக்கும்க்கா. இங்க தேடிப் புடிச்சு இழுக்க வேண்டியிருக்கு" என்றாள். சிரித்துவிட்டேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

சிறுமி இங்க்ரித் வீட்டில் உள்ள ஒவ்வொன்றையும் தொட்டுப் பெயர் கேட்டாள். உறைய வைத்துக் காயப்போட்ட உருளைக்கிழங்கைக் கல் என்று நினைத்துத் திருப்பி வைத்தாள். பையன் வில்பெர் என் மடியில் மூச்சு இழுத்துக்கொண்டு படுத்திருந்தான். மூக்கு அப்படியே தெயோதோரோவின் மூக்கு. மூக்கு என்ன பாவம் செய்தது?

பதினோரு மணிக்குக் கணக்கெடுப்பாளர் வந்தார். பெயர் லியான்ட்ரோ, ஒருரோ நகரத்தில் பேண்டு வாத்தியத்தில் ட்ராம்போன் வாசிக்கிறவர். கார்னிவல் முடிந்துவிட்டது, அடுத்த கல்யாண சீசன் வரை இந்த வேலை. ட்ராம்போனை விட்டுவர மனமில்லாமல் முதுகில் மாட்டியிருந்தார். பென்சில், படிவம், நாற்காலி.

தரை மண்ணா சிமெண்டா, தண்ணீர் எங்கிருந்து, வானொலி உண்டா. எல்லாம் சொன்னேன்.

"குடும்பத் தலைவர்?"

"நான்தான்."

"திருமணம்?"

சுலேமா அடுப்பருகே பையனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பொய்தான் தேவை. ஆனால் அரசாங்கப் படிவம். அதோடு, உண்மையைச் சொல்லட்டுமா, என்னிடம் ஒன்பது வருடமாக அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"ஆயிடுச்சு."

"வெளியூர்ல இருக்காரா? பேரு?"

"தெயோதோரோ யுஹ்ரா."

அடுப்பருகே சட்டை நின்றுவிட்டது. லியான்ட்ரோ கவனிக்கவில்லை, எழுதிக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும்மா? கல்யாணம்?"

"சேர்ந்து வாழுறோம்." குரல் எங்கேயோ இருந்து வந்தது.

"அவர் பேரு?"

"தெயோதோரோ யுஹ்ரா."

பென்சில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். "அப்பா, ஒரே பேர்ல ரெண்டு பேரா? எங்க பேண்டுலகூட..." என்று ஆரம்பித்து, பையனின் மூக்கைப் பார்த்தாரோ என்னவோ, நிறுத்திக்கொண்டார்.

பிறகு சுலேமா மெதுவாகச் சொன்னாள்.

"அக்கான்னு சொன்னாரு."

"எனக்குத் தம்பி கிடையாது."

"அது இப்பத் தெரியுது."

லியான்ட்ரோ செருமினார். "மன்னிக்கணும். குடும்பத் தலைவருக்கு இவங்க என்ன உறவுன்னு ஒரு கட்டத்துல டிக் போட்டே ஆகணும். மகள், மருமகள், மாமியார், மற்ற உறவினர், வேலைக்காரர், உறவினர் அல்லாதவர்..."

"ஒரே ஆளுகிட்ட ஏமாந்தவங்கன்னு கட்டம் இல்லையா?" என்றாள் சுலேமா.

"இருந்திருந்தா நாடு முழுக்க நெறைய டிக் விழுந்திருக்கும்மா."

அவள்தான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அழவில்லை, ஆனால் மூக்கு ஒழுகியது. லியான்ட்ரோ கடைசியில் "மற்ற உறவினர்" என்று போட்டார். மூன்று பேருக்கும்.

மதியம் இன்னொன்று. இன்று கடல் தினமும்கூட, முன்னொரு போரில் எங்கள் நாடு தன் கடற்கரை முழுவதையும் இழந்ததை நினைக்கும் நாள். கசிமிரோ இளமையில் கடற்படையில் ஏரியில் பணிபுரிந்தவர். கடல் பறிபோன நாளை மூடிய கதவுக்குப் பின்னால் அனுசரிக்க மாட்டேன் என்று வெள்ளைச் சீருடை மாட்டிக்கொண்டு கூரை மேல் ஏறிவிட்டார். கூரையும் வீட்டில் சேர்த்திதானே! பார்த்த ஊரே கூரை ஏறியது. மணிக்கூண்டுக் குடும்பம் எல்லோரையும்விட உயரத்தில். எல்லோரும் மேற்கே, கண்ணுக்குத் தெரியாத கடலைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்கள். லியான்ட்ரோ என் கூரையில் நின்று ட்ராம்போன் வாசித்தார். சுலேமாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவள் கூடப் பாடி, பாதி வரியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். அவளுக்குப் போர்வை கொடுத்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

காலையிலேயே நிக்கானோர் தன் மோட்டார் சைக்கிளில் தெயோதோரோவைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார். நல்ல மனுஷன். ரகசியம் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர்.

"நேத்து முழுக்க எங்க வீட்டுலதான் இருந்தாரு. தங்கமான பையன். கணக்கெடுக்க வந்தவங்ககிட்டத் தனி ஆளு, கல்யாணம் ஆகல, புள்ளைக்குட்டி இல்லன்னு சொன்னாரு. என் கொழுந்தியா ஒருத்தி விதவையா இருக்கா, அதான் ஊர்ல ஒரு வார்த்தை விசாரிச்சிட்டுப் போலாம்னு கூடவே வந்தேன்."

வாசலில் நானும் சுலேமாவும் நின்றுகொண்டிருந்தோம். வில்பெர் "அப்பா!" என்றான்.

நிக்கானோர் தலைக்கவசத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

தெயோதோரோ நிறைய பேசினான். படிவத்தில் குழப்பம் வரக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னானாம். இரண்டு பேர் மானத்தையும் காப்பாற்றத்தானாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது வருடமாகச் சேர்த்து வைத்த கேள்வி அத்தனையும் இருந்தது. முற்றத்தில் அவன் நின்ற நிலையைப் பார்த்ததும் ஒன்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை.

சுலேமாதான் பேசினாள். "தனி ஆளுதான? மதியம் பஸ் இருக்கு. தனியா போங்க."

"புள்ளைங்க?"

"உங்களுக்குத்தான் புள்ளைங்களே இல்லையே. அரசாங்கத்துலயே எழுதிக் குடுத்துட்டீங்க."

நான் என் பங்குக்கு வில்பெரின் மார்பில் குழாய் வைத்துப் பார்த்து, நெஞ்சில் சளி, இரண்டு வாரம் பயணம் கூடாது என்றேன். அது உண்மை. உண்மையாக இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

மார்ச் 25

பேருந்துகள் போய்விட்டன. கோல் கம்பம் காலி. மறுபடி எழுபத்து நான்கு. எழுபத்தேழு.

ஏப்ரல் 9

வில்பெருக்கு மூச்சு சீராகிவிட்டது. பயணம் போகலாம் என்று சொன்னேன். "அப்படியா" என்றாள் சுலேமா. மூட்டை கட்டவில்லை. நானும் மறுபடி சொல்லவில்லை.

ஏப்ரல் 30

சண்டை. அவள் சூப்பில் வாழைக்காய் போட்டாள். லாரிக்காரரிடம் சொல்லி வரவழைத்திருக்கிறாள். சூப்பில் வாழைக்காயா! மலைக்காரர்களுக்கு நாக்கே கிடையாது என்றாள். சமவெளிக்காரர்களுக்கு வாய் மட்டும்தான் இருக்கிறது என்றேன். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. சாயங்காலம் மீதி சூப்பை நான்தான் குடித்தேன். யாரிடமும் சொல்லாதே.

ஜூலை 18

எண்கள் வந்துவிட்டன. கொல்பா 236. சியாரா 236.

கசிமிரோ மூன்று முறை கூட்டிப் பார்த்தார், ஒரே எண்ணை. "அந்த டிரைவர்! அந்த டிரைவர் மட்டும் இல்லேன்னா தோத்திருப்போம்!" என்று அழுதார். சியாராவில் நிக்கானோரும் தெயோதோரோவுக்காக இப்படித்தான் அழுதிருப்பார்.

ஆகஸ்ட் 14

மாவட்டத்திலிருந்து முடிவு. சமமாக இருப்பதால் நிலையம் இரண்டு ஊருக்கும் சரிபாதியில் அமையும். அளக்க வந்தவர் நேர்மையானவர். மிக நேர்மையானவர். சரிபாதி சாலையில் விழவில்லை, சாலையை விட்டு முந்நூறு மீட்டர் உப்புவெளிக்குள் விழுந்தது. கம்பம் நட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கே ஒரு வீடு கிடையாது, ஒரு புல் கிடையாது. மழைக்காலத்தில் முழங்காலளவு தண்ணீர்.

"நர்சு அங்கயே தங்கணுமாம்" என்றார் கசிமிரோ, என் முகத்தைப் பார்க்காமல். பிறகு அவருக்கே முகம் மலர்ந்தது. "தண்ணி நிக்குமே சாத்துர்னினா! நமக்குன்னு ஒரு கடல்!"

வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். இரண்டு நாள் யோசித்தேன்.

"ரெண்டு ஊரு, உப்பு லாரி, லித்தியம் தோண்ட வர்ற ஜீப்பு, எல்லாம் அந்த வழியாத்தான போகுது?" என்றாள் சுலேமா. "ஊசி போட்டுக்கிட்டவனுக்குப் பசிக்காதா?"

அக்டோபர் 5

உப்புக்கட்டியால் கட்டிய நிலையம், உயரமான மேடை மேல். பக்கத்தில் சுலேமாவின் சாப்பாட்டுக் கடை, நாலு மேசை. பின்னால் எங்கள் அறை. இன்று முதல் நாள். நோயாளிகள் இரண்டு பேர், சாப்பிட வந்தவர்கள் பத்தொன்பது. பள்ளிக்குப் போக இங்க்ரித்துக்கு இரண்டு ஊரும் ஒரே தூரம், ஆகவே இரண்டு ஊர்ப் பள்ளியிலும் அவள் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். இரண்டு தலைவர்களும் சொல்வது: "எங்க பொண்ணு."

நவம்பர் 19

மழைக்கு முன் சுவரைப் பூசிவிட வேண்டும். சுலேமா சாந்து குழைக்க, நான் பூச, காலையிலிருந்து குனிந்த முதுகு நிமிரவில்லை. பதினொரு மணிக்கு உப்பு லாரிக்காரர் வந்து நின்றார். சாந்தா குரூஸ் போய் வந்தவர்.

"தெயோதோரோ ஒரு சேதி சொல்லச் சொன்னாருக்கா. கிறிஸ்துமஸுக்கு வரலாமான்னு கேக்கச் சொன்னாரு. வந்தா எந்த வீட்டுக்கு வரணும்னும் கேக்கச் சொன்னாரு. நான் இன்னைக்கே திரும்பறேன், பதில் சொன்னா போய்ச் சொல்லிருவேன்."

"உட்காருங்க, சொல்றோம்" என்றாள் சுலேமா. அவருக்கு ஒரு கிண்ணம் சூப் ஊற்றினாள். மேல் மூலையில் சாந்து நிற்காமல் வழிந்தது. அவள் ஏணியைப் பிடிக்க, நான் ஏறி அதைச் சரி செய்தேன். நடுவில் வில்பெர் சாந்தில் காலை விட்டு, அவனைக் கழுவ வேண்டியதாயிற்று. இன்னொரு கிண்ணம் சூப் போனது. சியாராவிலிருந்து ஒரு கர்ப்பிணி வந்தாள், இரத்த அழுத்தம் பார்த்தேன்.

சுவர் முடிந்து கை கழுவும்போதுதான் லாரி போய்விட்டதைக் கவனித்தோம். மேசையில் இரண்டு காலிக் கிண்ணங்கள்.

"அய்யோ," என்றாள் சுலேமா, "பதில் சொல்லவே இல்லையே!"

"அடுத்த தடவை வருவாருல்ல," என்றேன்.

கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். சுவர் நன்றாக வந்திருக்கிறது.